அடுத்த மழைக்கான விறகு

ஏப்ரல் மாதத்து மாலை. சிக்னல் பாறையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். கையில் கைபேசி இன்னும் சூடாக இருந்தது. அம்மா பேசி முடித்திருந்தாள். அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது, எங்கள் ஊரான கோபியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, உயிருக்குப் பயமில்லை, ஆனால் இனிமேல் தூக்கி உட்காரவைக்க ஆள் வேண்டும் என்றாள். நான் ஒரே பெண். அம்மா வா என்று சொல்லவில்லை. "நீ எப்ப கண்ணு வருவே?" என்று மட்டும் கேட்டாள்.

பாறைக்குக் கீழே தேயிலைக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை. எதிரே ஜீவிதா வந்தாள். ஏழாம் வகுப்பு, என் வகுப்பு. தலையில் சும்மாடு, அதன்மேல் அவளைவிட நீளமான குச்சிக் கட்டு. என்னைப் பார்த்ததும் வழிவிட்டு ஓரமாக நின்றாள்.

அந்த நேரத்தில் யாரையும் பார்க்காமல் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது. ஆனால் இந்தப் பெண்ணுக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன்.

"ஜீவிதா, கட்ட எறக்கி வையி. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

இறக்கி வைத்தாள். என் கைபேசியைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"கவுன்சிலிங்கா டீச்சர்?" என்றாள்.

எல்லாரும் புது டீச்சர்

சென்ற வாரம் எங்கள் மலைப் பஸ்ஸைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: அந்தப் பிள்ளைகள் உங்களிடம் எப்படி ஒட்டிக்கொண்டார்கள்? உண்மையைச் சொன்னால், ஒட்டவில்லை அம்மா. வந்து சில மாதம் என்னை அண்டவே விடவில்லை.

நடுவட்டத்துக்குக் கீழே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே நடந்து போக வேண்டிய எஸ்டேட் பள்ளிக்கூடம் அது. எட்டாம் வகுப்பு வரை. சமவெளியிலிருந்து பணிக்கு வருகிறவர்கள் முதல் மழையைப் பார்த்ததும் மாறுதல் கலந்தாய்வு எப்போது என்று விசாரிக்க ஆரம்பிப்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு தெரிவதற்கு முன்பே தெரிந்த ஆங்கிலச் சொல் கவுன்சிலிங். அது நடக்கும் மாதம், அது முடிந்து யார் பெட்டி கட்டுவார்கள் என்பதெல்லாம் ஒன்றாம் வகுப்புக்கே அத்துப்படி.

அதற்குக் காரணம் சிக்னல் பாறை. பள்ளியிலும் சரி, வீடுகளிலும் சரி, கைபேசியில் ஒரு கோடு கூட வராது. வருகைப் பதிவு ஏற்றுவதற்கும் வீட்டுக்குப் பேசுவதற்கும் அந்தப் பாறைமேல்தான் ஏறி நிற்க வேண்டும். காற்று அடித்துக்கொண்டே இருக்கும் இடம், கத்தித்தான் பேச முடியும். கணவனோடு போட்ட சண்டை, கலந்தாய்வுக்குப் பிடித்த ஆள் எல்லாம் கீழே கொழுந்து பறிக்கிறவர்களுக்கு நேரலை ஒலிபரப்பு. ஆசிரியர் சங்கத்துக்கு முன்னால் எஸ்டேட்டுக்குச் செய்தி தெரிந்துவிடும்.

அதனால் பிள்ளைகள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். எந்த ஆசிரியைக்கும் பெயர் கிடையாது. எல்லாரும் 'புது டீச்சர்'. நான் வந்த அன்று கரும்பலகையில் வாசுகி என்று பெரிதாக எழுதிப் போட்டேன். பவ்யமாகப் படித்தார்கள். மறுநாள் காலை கோரஸாக, "வணக்கம் புது டீச்சர்." பொங்கல் முடிந்து வந்தபோதும் நான் புது டீச்சர்தான். எனக்குக் கோபமாக வந்தது. சொந்தப் பெயர் உள்ள மனுஷிக்கு வராதா?

ஹெச்.எம். படுகர், ஹட்டி என்று அவர்கள் சொல்லும் பக்கத்து ஊர்க்காரர், அதிகம் பேசமாட்டார். அவரிடம் புகார் சொன்னபோது, நான் வருவதற்கு முன் போனவர்களின் பெயர்களை விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு கையைத் தாண்டியதும் நானே போதும் சார் என்றேன்.

புகையும் நானும்

என் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் வரிசை வீடுகளை லயம் என்பார்கள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் கொண்டுவந்த சொல். லயத்தின் கடைசியில் பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு காம்பரா ஒதுக்கியிருந்தார்கள். வருகிற ஆசிரியை எல்லாரும் அதில்தான் தங்குவது. சுவரில் எனக்கு முன் இருந்தவர்கள் அடித்த ஆணிகள் வரிசையாக இருக்கும். நானும் என் பங்குக்கு ஒன்று அடித்தேன்.

சமையலுக்குக் கேஸ் இருந்தது. ஆனால் ஜூன் மழையில் அந்த ஊரில் துணி காயாது, எலும்பும் காயாது. வெந்நீருக்கும் குளிர் காயவும் விறகு அடுப்பு இல்லாமல் முடியாது. எனக்கு அது தெரியவில்லை. மழை பிடித்துக்கொண்ட பிறகு யாரிடமோ கேட்டு ஒரு கட்டு விறகு வாங்கினேன். நனைந்த விறகு. ஊதி ஊதிப் பார்க்கிறேன், புகைதான் வருகிறது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டுகிறது. நிமிர்ந்தால் வாசலில் குடையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அதுதான் ஜீவிதா. சிரிக்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த ஊரில் விறகுக்கு ஒரு காலம் உண்டு. தேயிலைச் செடியை வருஷங்களுக்கு ஒருமுறை இடுப்பளவுக்கு வெட்டிவிடுவார்கள். கவாத்து என்று பெயர். வெட்டிய குச்சிகளைப் பெரியவர்கள் மிலாறு என்பார்கள். கோடையில் கவாத்து நடக்கும் காட்டிலிருந்து ஆளாளுக்குச் சுமந்து வந்து, வாசலோரம் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, தகரம் போட்டு மூடிவிடுவார்கள். மழைக்குள் காய்ந்துவிடும்.

லயத்தில் நடந்து போனாலே அடுத்த மழைக்கு யார் இருப்பார்கள் என்று சொல்லிவிடலாம். வாசலில் விறகு அடுக்காத வீடு என்றால் அந்தக் குடும்பம் திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ கிளம்பப் போகிறது. டீச்சர் காம்பராவின் வாசலில் எந்தக் கோடையிலும் விறகு இருந்ததில்லை. இருக்கப்போகிறவர்கள்தானே அடுக்குவார்கள்.

உப்பு முடிச்சு

அந்த மழையில்தான் ஒரு நாள், பின்னங்களைக் கழித்துக்கொண்டிருக்கும்போது காலில் ஏதோ ஈரமாக இருந்தது. குனிந்து பார்த்தால் என் கணுக்காலில் அட்டை. ரத்தம் குடித்துத் திராட்சைப் பழம் போல ஆகியிருந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்புப் பாடமும் நின்றது. நாற்காலிமேல் ஏறிவிட்டேன். எதற்கு ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது, அட்டையும் என்னோடுதானே ஏறியது.

வகுப்பே உருண்டு சிரித்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஜீவிதா எழுந்து வந்தாள். பையிலிருந்து துணியில் முடிந்த உப்பை எடுத்து அட்டைமேல் அழுத்தினாள். அது சுருண்டு விழுந்தது. அப்படியே இடத்துக்குப் போய்விட்டாள்.

மறுநாள் நான் ஒரு கைப்பிடி உப்பும் கிழிந்த கைக்குட்டையும் கொண்டுபோய், எனக்கு முடிந்து கொடு என்றேன். என் காலில் கட்டிப் பழக்கினாள். கட்டும்போது அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன. இவ்வளவு காலம் நான் இவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்றே யோசித்திருந்தேன். இவர்களிடம் எதையாவது கேட்கலாம் என்று தோன்றியதே இல்லை.

அதிலிருந்து கேட்க ஆரம்பித்தேன். எந்த வளைவில் யானை குறுக்கே வரும், பனி எப்போது விழும், கொழுந்துக்கு எந்த இலை வரை கிள்ளலாம். போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். மதியம் நானும் தட்டோடு தரையில் உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை கடைசி மணிக்கு முன்னால் கொஞ்ச நேரம், யார் வேண்டுமானாலும் என்னிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று வைத்தேன். உங்கள் சம்பளம் எவ்வளவு, உங்களுக்கு நீச்சல் தெரியுமா, சார் உங்களை அடிப்பாரா என்றெல்லாம் கேட்டார்கள். சார் என்றால் என் வீட்டுக்காரர். அவர் ஈரோட்டில் மருந்துக் கம்பெனி வேலையில் இருக்கிறார், என்னை அதட்டுவதற்கே யோசிக்கிறவர். அதைச் சொன்னதும் ஏமாந்து போனார்கள்.

ஜீவிதா கேட்டதே இல்லை. பொங்கலுக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவள் கேட்ட ஒரே கேள்வி இதுதான்.

"நீங்க எப்ப போவீங்க டீச்சர்?"

ஒரு வாக்கு

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்ததை எனக்கு அவளுடைய அம்மா சரோஜா முன்பே சொல்லியிருந்தாள். சரோஜா கொழுந்து பறிக்கிறவள். அப்பா கேரளத்தில் கட்டட வேலைக்குப் போய் மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர். எனக்கு முன் இருந்த ஆசிரியையிடம் ஜீவிதா உயிராக இருந்தாளாம். அவர் தலை பின்னிவிடுவார், படம் வரையப் பழக்குவார். லீவு முடிந்து வரும்போது கலர்ப் பெட்டி வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜூனில் பள்ளி திறந்ததும் இவள் மெயின் ரோட்டில் ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்து நின்றாள். கலந்தாய்வில் அவருக்குச் சொந்த ஊர் கிடைத்துவிட்டதை இவளிடம் யாரும் சொல்லவில்லை. தெரிந்த பிறகு பள்ளிக்கே வரவில்லை. பல வாரம் கழித்துத்தான் ஹெச்.எம். வீட்டுக்குப் போய் அழைத்து வந்திருக்கிறார்.

அந்த ஆசிரியையை நான் குறை சொல்லமாட்டேன். குழந்தையிடம் போகிறேன் என்று சொல்வதற்குத் தெம்பு வேண்டும். ஆனால் சரோஜா அன்று கடைசியாகச் சொன்னது என்னை விடாமல் துரத்தியது. "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா இவ படிக்கமாட்டாங்க டீச்சர். நானும் அடிச்செல்லாம் அனுப்பமாட்டேன்."

அதனால் அந்த வெள்ளிக்கிழமை நான் பொய் சொல்லவில்லை. போகவேமாட்டேன் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"தெரியல ஜீவிதா. ஆனா போறதா இருந்தா உங்கிட்டத்தான் மொதல்ல சொல்லுவேன்."

"ஹெச்.எம். சாருக்கு முன்னாடியா?"

"அவருக்கும் முன்னாடி. எங்க ஊட்டுக்காரருக்கும் முன்னாடி."

திங்கள்கிழமை காலை வராந்தாவில் என்னைக் கடந்து போனவள், நின்று திரும்பி, "வணக்கம் வாசுகி டீச்சர்," என்றாள். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அன்று எனக்கு இருந்த பெருமையைச் சொன்னால் சிரிப்பீர்கள். வேலைக்கான உத்தரவு கையில் வந்த அன்றுகூட அப்படி இல்லை.

பிறகு இரண்டாவது மழையும் போனது. அவள் கடைசி பெஞ்சிலிருந்து ஒவ்வொரு வரிசையாக முன்னால் நகர்ந்து வந்தாள். மாலையில் என் அறைக்கு வந்து அடுப்போரம் உட்கார்ந்து படித்தாள். நான் பின்னிவிட்டால் அழகாக வராது, அதையும் பொறுத்துக்கொண்டாள்.

பாதையில்

இப்போது அந்த ஏப்ரல் மாலைக்கு வருகிறேன். குச்சிக் கட்டு தரையில் இருந்தது. கவுன்சிலிங்கா என்று அவள் கேட்டுவிட்டாள்.

ஆமாம் என்றேன். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அம்மாவால் தனியாகத் தூக்க முடியாது என்றேன். வேறு வழி இருந்தால் இருப்பேன் என்று சொல்ல ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். அவள் என்னைத் தேற்றவும் இல்லை, அழவும் இல்லை.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. உங்கிட்டத்தான் மொதல்ல சொல்றேன்."

தலையாட்டினாள். சும்மாட்டைச் சரிசெய்தாள். கட்டைத் தூக்கிவிடுங்கள் என்பது போலக் குனிந்து நின்றாள். தூக்கி வைத்தேன். போய்விட்டாள்.

மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சொல்லாமல் போயிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும், சொல்லியும் இதுதான் நடக்கிறது, அப்புறம் என்ன வாக்கு, என்ன உண்மை என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது. லயத்துக்குப் போய்ப் பார்த்தேன். சரோஜாதான் இருந்தாள். கவாத்துக் காட்டுக்குக் குச்சி பொறுக்கப் போயிருக்கிறாள், சொன்னால் கேட்பதில்லை என்றாள். என்னிடம் கோபம் காட்டவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

பரீட்சைக்கு வந்தாள். எழுதினாள். தாளை என் மேஜையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

வாசலில்

மே மாதம் கலந்தாய்வு முடிந்து கோபிக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. சாமான்களை எடுக்க வந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி, பனிமூட்டத்தில் நடந்து லயத்தின் கடைசிக்கு வந்தால் என் காம்பராவின் வாசலில் விறகு அடுக்கியிருந்தது.

இடுப்பளவு உயரத்துக்குக் கவாத்துக் குச்சிகள். குறுக்கும் நெடுக்குமாக, காற்றுப் போக இடைவெளி விட்டு. மேலே ஒரு பழைய தகரம், பறக்காமல் இருக்கக் கல்.

அந்த ஊர் வழக்கம்தான் தெரியுமே. இருக்கப்போகிறவர்களுக்குத்தான் விறகு. நான் போவதை இந்தப் பெண் ஒப்புக்கொள்ளவில்லை, விறகை அடுக்கினால் நான் இருந்துவிடுவேன் என்று நினைக்கிறாள் என்றுதான் புரிந்துகொண்டேன். பெட்டியைக்கூடத் திறக்காமல் அவள் வீட்டுக்கு நடந்தேன்.

ஜீவிதா வாசலில் உட்கார்ந்து தேய்த்த பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை இரண்டிலும் குச்சி கிழித்த கோடுகள். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"நாந்தான் போறேன்னு உங்கிட்டச் சொன்னேன்ல ஜீவிதா? அப்புறம் எதுக்கு இத்தன வெறகு?"

என்னை நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவுகூடத் தெரியவில்லையா என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"உங்களுக்கு இல்ல டீச்சர். வரப்போறவங்களுக்கு."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீங்க மொதல்ல வந்தப்ப ஈர வெறக ஊதிட்டு அழுதீங்கல்ல, நான் பாத்தேன். பொகையில மட்டும் அழுவல நீங்க." ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "முன்னாடி டீச்சரு போனது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா உங்களுக்கும் அடுக்கி வச்சிருப்பேன்."

அவள் பள்ளிக்கு வராத நாட்கள் எல்லாம் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. கவாத்து முடிந்தால் குச்சி கிடைக்காது. மழைக்குள் காயவும் வேண்டும். அவளுக்கு நேரமில்லை, அவ்வளவுதான். முகத்தைப் பார்க்காமல் போனதற்கு மட்டும் காரணம் கேட்டேன். பார்த்தால் அழுகை வந்துவிடும் என்றாள். சொன்ன கையோடு அழுதாள். நானும் அழுதேன். சரோஜா உள்ளே இருந்து வந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, மறுபடியும் தேத்தண்ணி போடப் போய்விட்டாள்.

ஒன்றும் வாங்கி வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. என் எண்ணைக் கொடுத்தேன். வருகிறவருக்கும் கொடுக்கச் சொல்லி ஹெச்.எம்.மிடமும் எழுதி வைத்தேன்.

பாறையிலிருந்து

ஜூன் மாதம். புதுப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். தெரியாத எண். எடுத்தால் காற்று இரைச்சல். அந்தக் காற்றை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும்.

இளம் பெண் குரல், திருநெல்வேலிப் பேச்சு. என் இடத்துக்கு வந்திருக்கும் ஆசிரியை. வந்து இரண்டாம் நாள். "யக்கா, வாசல்ல வெறகு அடுக்கி வச்சிருக்கு. யாருதுன்னு தெரியல. எடுத்து எரிக்கலாமாக்கா? குளுரு தாங்க முடியல."

உங்களுடையதுதான், தாராளமாக எரியுங்கள் என்றேன். யார் அடுக்கியது என்று கேட்டார். பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறாளா, எட்டாம் வகுப்பு, கையில் குடை இருக்கும் என்று கேட்டேன். அவள்தான் தன்னைப் பாறைக்கே கூட்டிவந்தாள் என்றார்.

கைபேசி கைமாறியது. ஜீவிதா மூச்சு வாங்கினாள். பள்ளிக்கூடம் திறந்த அன்றே தான் வகுப்புக்கு வந்துவிட்டதாகச் சொன்னாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். கையை அசைக்கிறார் என்றேன். மழை பலமாக இருக்கிறதா என்று நான் கேட்டேன், பலம்தான் என்றாள். அப்புறம் இருவரும் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"நான் வச்சிர்றேன் டீச்சர்," என்றாள். "முத்துப்பேச்சி டீச்சருக்கு அட்டைன்னா பயமாம். நனையறதுக்குள்ள கூட்டிட்டுப் போயி உப்பு முடிஞ்சு குடுக்கணும்."